நடுவர் யாருக்குப் பணிகிறார்? இத்தாலியக் கால்பந்து வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்



நினைவுச் சொற்பொழிவில் கால்பந்து நடுவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், இலக்கிய மேடைக்கும் விசிலுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர் எல்லோருக்கும் பொதுவானவர் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் இதுபோன்ற மேடைகளில் நாம் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறோம். நீதிமன்றத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். மைதானத்தில் அது தொண்ணூறு நிமிடங்களில், ஆயிரக்கணக்கானோர் கண் முன்னால் நடக்கிறது. ஆகவே விளையாட்டின் வரலாறு நமக்கு உதவும்.

பெரிய கிளப்புகளுக்கு நடுவர்கள் சாதகமாக நடக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கால்பந்து ஆடப்படும் எல்லா நாடுகளிலும் உண்டு. அதற்கு வரும் பதிலும் எங்கும் ஒன்றுதான்: தோற்றவர்களின் புலம்பல். இந்தப் பதிலை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. வலுவான அணி பந்தை அதிக நேரம் தன்னிடம் வைத்திருக்கும். எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் அதிகமுறை நுழையும். அதனால் அதற்கு அதிக பெனால்டிகள் கிடைப்பது இயல்பு. எண்ணிக்கையை மட்டும் காட்டிச் சார்பை நிறுவ முடியாது. எனவே ஒரு நாட்டின் கதையை, அதன் ஆவணங்களோடு சேர்த்துப் பார்ப்போம். அந்த நாடு இத்தாலி.

இத்தாலியக் கால்பந்தில் ‘சுடித்தான்சா சிகோலோஜிகா’ என்றொரு தொடர் உண்டு. 1960களில் புழக்கத்துக்கு வந்தது. ‘சுதித்தோ’ என்றால் அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடி. அப்படியானால் இந்தத் தொடருக்கு, மனத்தளவில் ஒருவருக்குக் குடியாக இருத்தல் என்று பொருள் கொள்ளலாம். நடுவர் காசு வாங்கவில்லை, யாரும் அவரை மிரட்டவில்லை. ஆனாலும் பெரிய கிளப்பின் சட்டையைக் கண்டதும் அவருடைய கை தானாக ஒரு பக்கம் சாய்கிறது என்பது அதன் உட்கருத்து. ஆண்டை வாய் திறப்பதற்கு முன்பே பாதையை விட்டு ஒதுங்கி நின்ற தலைமுறைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பணிவை மனத்தின் நோயாகச் சொல்லிவிட்டால், பணிய வைத்த ஏற்பாடு கண்ணிலிருந்து மறைந்துவிடும். இத்தாலியில் அதுதான் நடந்தது.

இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன். 1981 மே 10. தூரினில் யுவெண்டஸும் ரோமாவும் மோதின. பட்டியலில் யுவெண்டஸ் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ரோமாவின் தூரோனே அடித்த கோலை ஆஃப்சைடு என்று மறுத்தார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. பட்டம் யுவெண்டஸுக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அன்றைய நடுவரின் பெயர் பாவ்லோ பெர்காமோ. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

அடுத்தது 1998 ஏப்ரல் 26. மீண்டும் தூரின், மீண்டும் ஒரு புள்ளி வித்தியாசம், இந்த முறை எதிரணி இன்டர் மிலான். பெனால்டி பகுதிக்குள் ரொனால்டோ மீது யுவெண்டஸின் யூலியானோ மோதினார். நடுவர் விசில் ஊதவில்லை. சில நொடிகளில் பந்து மறுமுனைக்குப் போக, அங்கே யுவெண்டஸுக்கு பெனால்டி கிடைத்தது. அந்த பெனால்டி கோலாகவில்லை என்றாலும் ஆட்டத்தை 1-0 என்று யுவெண்டஸ் வென்றது; பட்டத்தையும் வென்றது. சில நாட்களில் இத்தாலிய நாடாளுமன்றத்திலேயே இதற்காகக் கைகலப்பு ஏற்படும் நிலை வந்து, அவையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

யுவெண்டஸ் என்பது வெறும் விளையாட்டு அணி அல்ல. ஃபியட் கார் நிறுவனத்தின் அன்யெல்லி குடும்பம் 1923இலிருந்து அதன் பின்னால் நிற்கிறது. ஒரு நாட்டின் மிகப் பெரிய தொழில் குடும்பத்தின் கிளப் அது. இந்தப் பின்னணியில் ஒரு நடுவரின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி இருப்பார். அவரை நியமன அதிகாரி என்போம். பெரிய ஆட்டம் கிடைத்தால் நடுவருக்குப் பெயர் வரும். பெயர் வந்தால் சர்வதேச ஆட்டங்கள் வரும். ஒரு பெரிய கிளப்பைக் கோபப்படுத்திவிட்டால் அடுத்த சில வாரங்கள் கீழ்ப்பிரிவில் விசில் ஊத வேண்டியிருக்கும், அல்லது வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். ஒரு சிறிய கிளப்புக்குத் தவறு இழைத்தால் அப்படி எதுவும் நடப்பதில்லை. இரண்டு தவறுகளுக்கும் விலை ஒன்றல்ல என்பதை ஒரு நடுவர் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வார். அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை ஒருமுறை மாற்றிப் பார்த்தார்கள். 1984-85 பருவத்தில் நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு பட்டம் வென்றது யுவெண்டஸோ, மிலானோ, இன்டரோ, ரோமாவோ அல்ல, ஹெல்லாஸ் வெரோனா. அந்தக் கிளப் அதற்கு முன்பும் பின்பும் சீரி ஆ பட்டத்தை வென்றதில்லை. பயிற்சியாளர் ஓஸ்வால்தோ பன்யோலி, மிலானின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். டென்மார்க்கின் எல்க்யேர், யுவெண்டஸுக்கு எதிராக ஒரு கால் பூட்ஸ் கழன்ற நிலையிலும் ஓடிக் கோல் அடித்தது அந்தப் பருவத்தில்தான். வெரோனா நல்ல அணி. குலுக்கலால் மட்டுமே வென்றது என்று சொன்னால் அந்த ஆட்டக்காரர்களை அவமதிப்பதாகும். ஒரு பருவம் எதையும் நிரூபிக்காது என்பதும் சரி. ஆனால் வேறு பருவங்களைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை. முழுக் குலுக்கல் விரைவிலேயே கைவிடப்பட்டது.

1999இல் இரண்டு நியமன அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் பியர்லூயிஜி பைரெட்டோ. மற்றவர் 1981இல் விசில் ஊதிய அதே பாவ்லோ பெர்காமோ. அவர்கள் காலத்திலும் குலுக்கல் இருந்தது. ஆனால் எந்த ஆட்டங்களும் எந்த நடுவர்களும் எந்தக் கட்டத்துக்குள் வர வேண்டும் என்பதை அவர்கள் இருவரும் முதலில் முடிவு செய்வார்கள், பிறகுதான் குலுக்குவார்கள். அவர்கள் பொறுப்பேற்ற முதல் கிறிஸ்துமஸுக்கு ரோமா கிளப்பின் தலைவர் நடுவர்களுக்கும் நியமன அதிகாரிகளுக்கும் ரோலெக்ஸ் கைக்கடிகாரங்களைப் பரிசாக அனுப்பினார். அதிகாரிகளுக்கு வந்தவை தங்கக் கடிகாரங்கள்.

2006 மே மாதம் தொலைபேசி உரையாடல்களின் பதிவுகள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. யுவெண்டஸின் பொது மேலாளர் லூச்சானோ மொஜ்ஜி, இந்த இரண்டு அதிகாரிகளோடும் நடுவர் நியமனங்களைப் பற்றித் தொடர்ந்து பேசியிருந்தார். சில நடுவர்களோடு ரகசியமாகப் பேசுவதற்கு வெளிநாட்டு சிம் அட்டைகளைக் கொடுத்திருந்தார் என்று நேப்பிள்ஸ் அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். தொலைக்காட்சியில் ஆட்டக் காட்சிகளைத் திருப்பிப் போட்டு அலசும் நிகழ்ச்சியில் எந்த நடுவரைக் கண்டிக்க வேண்டும், எவரை விட்டுவிட வேண்டும் என்பதும் அந்த உரையாடல்களில் இருந்தது. கத்தை கத்தையாகப் பணம் கைமாறியதைப் பலர் எதிர்பார்த்தார்கள். பதிவுகளில் பெரும்பாலும் இருந்தது நியமனம், பாராட்டு, கண்டனம், பதவி உயர்வு ஆகியவை பற்றிய பேச்சுத்தான்.

இத்தாலி உலகக் கோப்பையை வென்றது ஜூலை 9. விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் முதல் தீர்ப்பு ஜூலை 14. யுவெண்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு அதற்கு 9 புள்ளிகள் கழிக்கப்பட்டன. மிலான், லாட்சியோ, ஃபியோரென்டினா, ரெஜினா ஆகிய கிளப்புகளுக்கும் புள்ளிகள் போயின. குற்றவியல் வழக்கு வேறு பாதையில் நடந்தது. 2011இல் மொஜ்ஜிக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2015இல் உச்ச நீதிமன்றத்தில் காலாவதி விதியால் அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு முடிந்துபோனது. 2006 பட்டம் இன்டருக்கு வழங்கப்பட்டிருந்தது. இன்டரின் அன்றைய தலைவரும் நியமன அதிகாரிகளோடு தொலைபேசியில் பேசியிருந்தார் என்று பின்னர் தெரியவந்தது. அது விதிமீறல் என்று 2011இல் கால்பந்துக் கூட்டமைப்பின் வழக்கறிஞர் எழுதினார். அதற்கும் காலம் கடந்துவிட்டது. ஆக, ஒரு கெட்ட மனிதர், ஒரு கெட்ட கிளப் என்று இந்தக் கதையை முடித்துவிட முடியாது.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஃபியோரென்டினாவின் கதை. 2002இல் திவாலாகி, நான்காம் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்கி, 2004இல் மேலே ஏறி வந்த கிளப் அது. அடுத்த பருவத்திலேயே மறுபடி கீழே விழும் ஆபத்து வந்தது. தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட வழக்கின்படி, அந்த நெருக்கடியில் அதன் நிர்வாகிகள் போய் நின்ற இடம் பெர்காமோவின் வாசலும் மொஜ்ஜியின் வாசலும்தான். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் கீழே இருப்பவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு: அநியாயத்தைச் சகிப்பது, அல்லது அநியாயம் செய்பவரிடமே சலுகை கேட்பது. இரண்டாவது வழியில் போனவரைக் காட்டி, ‘எல்லோரும் இப்படித்தான்’ என்று மேலே இருப்பவர் தப்பித்துக்கொள்வார்.

அப்படியானால் மனப் பணிவு என்பதே பொய்யா? இல்லை. அதற்குச் சோதனைச் சான்றுகள் உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வில், ஒரு லிவர்பூல் ஆட்டத்தின் 47 மோதல்களை 40 நடுவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தார்கள். மற்றவர்கள் ஒலியில்லாமல் பார்த்தார்கள். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராக ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். ஸ்பெயினில் மூன்று பொருளியலாளர்கள் செய்த ஆய்வில், சொந்த மைதான அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர் கூடுதல் நேரத்தை நீட்டுவதும், முன்னிலையில் இருந்தால் சுருக்குவதும் தெரிந்தது. 2007இல் கட்டானியாவில் நடந்த கலவரத்தில் ஒரு காவலர் இறந்த பிறகு, இத்தாலியின் சில மைதானங்களில் பார்வையாளர் இல்லாமல் ஆட்டம் நடந்தது. கூட்டம் இல்லாதபோது சொந்த அணிக்குக் கிடைத்துவந்த சலுகை குறைந்தது.

இவை சொந்த மைதானச் சார்பைப் பற்றிய ஆய்வுகள். பெரிய கிளப் பற்றியவை அல்ல. ஆனால் நேர்மையான, பயிற்சி பெற்ற ஒருவரின் கண்ணும் காதும் அழுத்தத்துக்கு ஏற்ப வளையும் என்பதை இவை காட்டுகின்றன. பெரிய கிளப்புக்கு அந்த அழுத்தம் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். ரசிகர், பத்திரிகை, தொலைக்காட்சி, நியமன அதிகாரியின் தொலைபேசி எல்லாம் அதனிடம் உண்டு.

தமிழில் நாம் ‘நடுவர்’ என்கிறோம். திருக்குறளில் நடுவுநிலைமை இல்லறவியலில் வைக்கப்பட்டிருக்கிறது. தனிமனிதர் பழகிக்கொள்ள வேண்டிய குணமாக. குணம் தேவைதான். ஆனால் நடுவில் நிற்பவரின் சம்பளமும் பதவி உயர்வும் நற்பெயரும் ஒரு பக்கத்தாரின் கையில் இருக்கும்போது, அவருடைய குணத்தை மட்டும் நம்பி ஆட்டத்தில் இறங்கச் சொல்வது நியாயமில்லை. அது நடுவருக்கும் அநியாயம்.

2017இலிருந்து இத்தாலியில் காணொலி நடுவர் முறை இருக்கிறது. அப்பட்டமான சில தவறுகளை அது திருத்துகிறது. ஆனால் எந்தக் காட்சியைத் திரும்பப் பார்ப்பது என்று முடிவு செய்பவரும் ஒரு நடுவர்தான். அவரையும் யாரோ நியமிக்கிறார்கள். ஆகவே கேள்வி பழைய இடத்திலேயே நிற்கிறது. தீர்ப்புச் சொல்பவரை யார் நியமிக்கிறார்கள்? பலமுள்ளவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் மறுநாள் அவருக்கு என்ன ஆகும்? நாம் எந்த அவையில் நின்று நியாயம் கேட்டாலும், ‘நடுவர் நல்லவர்தான்’ என்ற உறுதிமொழியோடு திரும்பிவிடாமல் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு வர வேண்டும். எவருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.