ஒரே பூட்டு, ஒரே சாவி: பூஞ்சைக்கொல்லிகள் தோற்ற கதை

இன்னைக்கு எபிசோட் மருந்தைப் பத்தினது. நமக்கான மருந்து இல்லை, பயிருக்கு அடிக்கிற மருந்து. ஆனா கடைசியில் அது நம்ம ஆஸ்பத்திரி வரைக்கும் வரும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

போடியிலிருந்து தேவாரம் போற வழியில் ராசிங்காபுரம் இருக்கு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் விடியக்காலையில் ஜீப் ஏறி, மலை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போறது பல வருஷப் பழக்கம். தென்மேற்குப் பருவமழை வலுத்தா அங்கே எல்லாரும் பயப்படுற சொல் ஒண்ணு உண்டு: அழுகல். காய் நிறம் மாறி, அழுகி, சரத்திலிருந்து உதிர்ந்துவிடும். ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளில்கூட இந்த நோய்க்குப் பெயர் 'அழுகல்'தான்.

இதுக்குக் காரணம் பைட்டோப்தோரா என்கிற நுண்ணுயிர். கறாரா சொன்னா இது அசல் பூஞ்சை இல்லை, பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனா பூஞ்சை மாதிரியே வளரும், அடிக்கிறதும் பூஞ்சைக்கொல்லிதான். அதனால இந்த எபிசோட் முழுக்க பூஞ்சைன்னே சொல்றேன்.

ஏலத்தோட்டத்தில் இதுக்குப் பழைய மருந்து போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணி. ஒரு சதவீதக் கலவைன்னா இதுதான். இது பிறந்தது பிரான்சின் போர்டோ பகுதியில். ரோட்டோரம் திராட்சை திருடுபோகுதுன்னு அங்கே கொடியில் நீல நிறமா எதையோ தெளிச்சு வைப்பாங்க. தெளிச்ச கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரலைன்னு 1882இல் கவனிச்சவர் மில்லர்டே என்கிற தாவரவியலாளர். சோதிச்சுப் பார்த்து 1885இல் வெளியிட்டார்.

அதுக்கப்புறம் சுமார் 140 வருஷம் ஆச்சு. தாமிரத்துக்கு எதிரா பூஞ்சைகள் இன்னும் பெருசா ஜெயிக்கலை. ஏன்னா தாமிரம் செல்லுக்குள்ளே ஒரே இடத்தில் அடிக்கிறதில்லை. பல நொதிகளை ஒரே நேரத்தில் முடக்குது. தப்பிக்கணும்னா பூஞ்சை ஒரே சமயத்தில் பல இடத்தில் மாறணும். அது நடக்கிறது ரொம்ப அபூர்வம்.

அப்போ அதையே அடிச்சுக்கிட்டிருக்கலாமே? பிரச்சினை மழை. தாமிரம் இலைமேல் ஒட்டியிருக்கிற இடத்தை மட்டும்தான் காக்கும். மழை கழுவிட்டா திரும்ப அடிக்கணும். புதுசா வர்ற துளிருக்குப் பாதுகாப்பே இல்லை. உள்ளே புகுந்த நோயையும் தொடாது.

இதுக்குப் பதிலா 1960களின் கடைசியிலிருந்து செடிக்குள் ஊடுருவுற மருந்துகள் வந்தன. 1977இல் சுவிஸ் நிறுவனமான சீபா-கெய்கி மெட்டலாக்சில் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. பைட்டோப்தோரா வகையறாவுக்கு இது கிட்டத்தட்ட அதிசயம். இலையில் தெளிச்சா செடிக்குள் போய் மேலே துளிர் வரைக்கும் ஏறும், உள்ளே இருக்கிற நோயையும் நிறுத்தும். ஆனா இது பூஞ்சையின் ஒரே ஒரு நொதியைத்தான் குறிவைக்குது. ஒரே பூட்டு, ஒரே சாவி.

மூணே வருஷம். 1980இல் அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு வயல்கள் மருந்து அடிச்சும் கருகின. அங்கே மெட்டலாக்சிலைத் தனியா வித்திருந்தாங்க. பிரிட்டனில் மேன்கோசெப் என்கிற பல இடத்தில் தாக்குற பழைய மருந்தோட கலந்துதான் கிடைச்சது. அந்த வருஷம் அங்கே அந்த அளவு அடி விழலை. 1981இல் மருந்து நிறுவனங்களே சேர்ந்து, எதிர்ப்பைக் கண்காணிக்க ஃப்ராக் என்கிற குழுவை ஆரம்பிச்சாங்க.

இந்தக் கதை நம்ம ஊருக்கும் வந்தது. உருளைக்கிழங்குக் கருகல் இந்தியாவில் முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1870களில். அங்கே வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட போகம் கிழங்கு போடுறாங்க, அதனால நோய்க்கு ஓய்வே கிடையாது. 1992இல் நீலகிரிக் கருகலில் மெட்டலாக்சில் எதிர்ப்பு இருக்குன்னு ஆய்வாளர்கள் அறிவிச்சாங்க. உருளைக்கிழங்கைக் கருக்குறதும் ஏலக்காயை அழுக வைக்கிறதும் ஒரே பைட்டோப்தோரா குடும்பம்.

இங்கே எல்லாரும் குழம்புற ஒரு விஷயத்தைச் சொல்லணும். மருந்தைப் பார்த்துப் பூஞ்சை 'பழகிக்கிறது' இல்லை. ஒரு வயலில் நூறு கோடி வித்து இருக்குன்னு வச்சுக்குங்க. அதில் பத்தே பத்துக்கு, டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது நடந்த பிழையால் பூட்டு லேசா மாறியிருக்கு. மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடியே அது அங்கே இருக்கு. மருந்து அடிச்சா மத்ததெல்லாம் செத்துப்போகுது. போட்டியே இல்லாத வயலில் அந்தப் பத்தும் பெருகுது. நாமதான் தேர்ந்தெடுக்கிறோம், ஒவ்வொரு தெளிப்பிலும்.

மாற்றம் எவ்வளவு சின்னது தெரியுமா? 1996இல் வந்த ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகளைத் தோற்கடிக்க, ஒரு புரதத்தின் 143ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் அலனின் வந்தா போதும். ஒரே எழுத்து மாறின கோடு மாதிரி. 1998இல் ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோயில் எதிர்ப்பு தெரிஞ்சது. மகாராஷ்டிராவின் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கிருமியிடம் இருந்ததை 2016இல் பதிவு செஞ்சாங்க. ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சைக்கும் அதே நோய்தான் தலைவலி.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். வயலில் அடிக்கிற டெபுகோனசோல், ஹெக்சகோனசோல் எல்லாம் அசோல் குடும்பம். நுரையீரல் பூஞ்சைத் தொற்றுக்கு டாக்டர் கொடுக்கிற வோரிகோனசோலும் அதே குடும்பம். டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழு 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தேயிலைத் தோட்டம், நெல் வயல், பூந்தொட்டி மண் மாதிரியான இடங்களில் எடுத்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையில் ஒரு பகுதி, நோயாளியைக் காப்பாத்த வேண்டிய மருந்துக்கே அடங்கலை. மண்ணில் தேர்வான பூஞ்சை காத்தில் வருது. நகரத்தில் இருக்கோம்னு நாம தள்ளி நிக்க முடியாது.

தீர்வு புதுசு இல்லை, சலிப்பானதுதான். ஒரே குடும்ப மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காம இருக்கணும், பல இடத்தில் தாக்குற மருந்தோட கலக்கணும், தெளிப்பு எண்ணிக்கையைக் குறைக்கணும். நிழலைக் கவாத்து பண்ணி, தண்ணி தேங்காம வடிகட்டி, அழுகினதைப் பொறுக்கி அப்புறப்படுத்தினா மருந்துக்கு வேலையே குறையும். கடையில் கம்பெனியை மாத்தி வாங்கினா அது சுழற்சி ஆகாது. டப்பாவின் பேர் வேற, உள்ளே சாவி அதேதான். ஃப்ராக் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கு: மெட்டலாக்சில் 4, அசோல் 3, ஸ்ட்ரோபிலூரின் 11. விவசாயம் பண்ற சொந்தக்காரங்க வீட்டில் இருந்தா, அடுத்த தடவை போன் பேசும்போது டப்பா போட்டோ வாங்கி அந்த எண்ணைத் தேடிச் சொல்லுங்க. ரெண்டு டப்பாவும் ஒரே எண்ணா இருந்தா, ரெண்டாவது டப்பாவுக்குக் கொடுத்த காசு பூஞ்சைக்குத்தான் உதவுது.