கேரவனுக்கு முன்னால் போன சைக்கிள்

1885-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் உள்ள ட்வைஃபோர்டு என்ற ஊரிலிருந்து ஒரு வீடு கிளம்பியது. ஏறத்தாழ 2 டன் எடை. மகாகனி மரத்தில் இழைத்தது. இழுக்க இரண்டு குதிரைகள். உள்ளே புத்தக அலமாரியோடு வீற்றிருந்தவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். துணைக்கு ஹரிகேன் பாப் என்ற பெரிய நாய், ஒரு கொண்டைக்கிளி, ஒரு வண்டியோட்டி. இத்தனை பேருக்கும் முன்னால் ஃபோலி என்ற உதவியாளர் மூன்று சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

அந்த வண்டியின் பெயர் வாண்டரர். ஊர் ஊராகச் சென்று பிழைத்த ஜிப்சிகளும் கண்காட்சிக்காரர்களும் வண்டி வீடுகளில் அதற்கு முன்பே வாழ்ந்தவர்கள்தான். ஆனால், உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் என்று வாண்டரரைத்தான் சொல்கிறார்கள். பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கி, அதிலேயே ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார் ஸ்டேபிள்ஸ். அந்த 1,300 மைல் பயணத்தை மறு ஆண்டே புத்தகமாகவும் எழுதினார்.

ஃபோலிக்குச் சைக்கிள் எதற்கு? இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகள் இருபுறமும் வேலி நெருக்கிய சந்துகள். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் 2 டன் வீட்டைப் பின்னுக்குத் தள்ளுவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஃபோலி முன்னே போய், வழி காலியாக இருக்கிறதா, எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்வார். சைக்கிளைக் கேரவன் பயணத்தில் பின்னாளில் ஒட்டிக்கொண்ட விளையாட்டுப் பொருளாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. முதல் கேரவனே சைக்கிள் இல்லாமல் நகரவில்லை.

மூன்று சக்கரம் ஏன் என்ற கேள்விக்கும் காரணம் இருக்கிறது. அன்றைய இரு சக்கர சைக்கிள் முன்சக்கரம் ஆளுயரம் இருந்த ஒன்று; கல் தட்டினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மரியாதைப்பட்டவர்கள் மூன்று சக்கரத்தையே நம்பினார்கள். விக்டோரியா மகாராணியே கோவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லியிடம் அதை வாங்கியிருக்கிறார். ஜேம்ஸின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின் என்று ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் நேர் மூதாதை அதுதான். வந்த ஆண்டு, வாண்டரர் புறப்பட்ட அதே 1885.

இந்தக் கதையில் அடுத்து வருபவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங், ஒரு தையல்காரர். ஒன்பது வயதுச் சிறுவனாக 1853-இல் அமெரிக்கப் புல்வெளிகளைப் பெற்றோருடன் வண்டித் தொடரில் கடந்தவர். வெட்டவெளியில் தங்கும் ஆசை அப்போதே அவரைப் பற்றிக்கொண்டது. சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு இலேசான கூடாரத்தைத் தாமே வடிவமைத்து, அயர்லாந்தின் கானமாராவில் சுற்றிவந்து எழுதினார். படித்தவர்கள் தேடிவந்தார்கள். 1901-இல் சைக்கிள் முகாமாளர்களுக்கு ஒரு சங்கம் பிறந்தது. பிரிட்டனின் பெரிய கேரவன் அமைப்புகளில் ஒன்றான கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப், அந்தச் சைக்கிள் சங்கம் வளர்ந்து ஆனதுதான். கேரவன்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

1919-இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் நிறுவனம் காரில் இழுக்கும் கேரவன்களைச் செய்யத் தொடங்கியது. குதிரை போயிற்று, முன்னால் ஆள் அனுப்பும் வழக்கமும் போயிற்று. காரின் வேகத்துக்கு எந்தச் சைக்கிளும் முன்னே ஓட முடியாது. வழிகாட்டியாக இருந்தது, ஏற்றிச் செல்லும் சாமானாயிற்று.

எங்கே ஏற்றுவது? நம்மூர் மாட்டுவண்டிக்காரரிடம் கேட்டால் உடனே சொல்வார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே கிளம்பும். ஒற்றை அச்சுக் கேரவனுக்கும் அதே நியாயம்தான். அதன் மூக்கு, காரின் கொக்கியை ஓரளவு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்சுவரோ அச்சிலிருந்து வெகுவாகப் பின்தள்ளி இருக்கும். ஆகவே பின்னால் 30 கிலோ சைக்கிளைத் தொங்கவிட்டால், அந்த எடையின் பெரும்பகுதி அளவுக்கு மூக்கின் அழுத்தம் குறைந்துவிடும். அப்புறம் பெரிய லாரி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு தாண்டினாலே போதும், கேரவன் பாம்பாக நெளியத் தொடங்கும். நெடுஞ்சாலையில் கேரவன்கள் கவிழ்வதற்கு இந்த நெளிவு ஒரு முக்கியக் காரணம்.

இதனால்தான் பலர் கேரவனைக் காரோடு இணைக்கும் ஏர்க்காலுக்கு மேல் சைக்கிள் தாங்கி பொருத்தினார்கள். அங்கே வேறொரு சங்கடம்: மூக்கின் பாரம் அளவு மீறலாம்; காரும் கொக்கியும் தாங்கும் எல்லைக்குள் அது நிற்க வேண்டும். அனுபவசாலிகள் கேரவனுக்குள் அச்சுக்கு நேர்மேலே தரையில் கிடத்துகிறார்கள், அல்லது காரின் கூரையில் ஏற்றுகிறார்கள். லண்டன்காரர் ஆண்ட்ரூ ரிச்சி 1970-களில் உருவாக்கிய பிராம்ப்டன் மடக்கு சைக்கிளோ பெட்டி போல மடிந்து, கார் டிக்கியிலேயே அடங்கிவிடும். என் பார்வையில் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த அழகான விடை அதுதான். இப்போது மின் சைக்கிள் வந்து கணக்கை மறுபடி கலைத்திருக்கிறது. ஒன்றே 20 முதல் 25 கிலோ. இரண்டு சாதாரணச் சைக்கிளுக்கென்று செய்த தாங்கி, இரண்டு மின் சைக்கிளைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிச் செல்வதற்குக் காரணம், கேரவன் நின்ற இடத்தில் வீடாகிவிடுகிறது என்பதே. கால்களை இறக்கி, மட்டம் பார்த்து, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து, பந்தலும் போட்டாயிற்று. ரொட்டிக்கடை ஊருக்குள் இருக்கிறது. தங்கல்வெளியோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே. இழுத்துவந்த காராவது தனியே கழன்று வரும். எஞ்சினும் வீடும் ஒன்றான மோட்டார்ஹோமில் போனவர், பால் வாங்க வீட்டையே ஓட்டிப்போக வேண்டும். சைக்கிளின் அருமையை அவர்தான் முழுதாக அறிவார்.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு கேரவன் வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அரிசி மூட்டையையும் குக்கரையும் ஏற்றும் முன் இரண்டு சைக்கிளுக்கு இடம் ஒதுக்குங்கள். அவற்றைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூக்கின் பாரம் எவ்வளவு வரை தாங்கும் என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு வண்டியை எடுங்கள்.