வேகனுக்குக் காத்திருந்த கோதுமை

கனடாவின் மேற்குச் சமவெளியில் குடியேறிய உழவர் என்றதும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லே விரிந்த பிரேரியில் தன்னந்தனியாக மண்ணோடு மல்லுக்கட்டும் ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். அந்த உருவத்தை உண்டாக்கியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1872-ல் வந்த டொமினியன் நிலச் சட்டப்படி, பத்து டாலர் கட்டி, மூன்று ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும். அரை மைல் நீளம், அரை மைல் அகலம். அவரவர் நிலத்துக்குள்ளேயே அவரவர் வீடு. அண்டை வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. ஆனாலும் அந்த உழவர் தனி ஆளாகவே வாழ்ந்தார் என்பது பாதி உண்மைகூட இல்லை. தனியாக விதைக்க முடிந்தது. தனியாக விற்க முடியவில்லை. அங்கே ஊர் பிறந்ததே கோதுமையை விற்கப் போன இடத்தில்தான் என்பது என் கருத்து.

விற்பனை நடந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். விளைந்த கோதுமையை வண்டியில் ஏற்றி, பல மைல் கடந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே தண்டவாளத்தை ஒட்டி, எலிவேட்டர் எனப்படும் உயரமான மரக்கிடங்கு நிற்கும். எடை போடுபவரும் கிடங்குக்காரர்களே, தரம் சொல்பவரும் அவர்களே, தூசு தும்புக்கென்று கழிவு பிடிப்பவரும் அவர்களே. விலை கட்டுப்படியாகாவிட்டால் வந்த வழியே திரும்பலாம், அவ்வளவுதான். கிடங்குக்குப் போகாமல் ரயில் பெட்டியில் தானே நேரடியாக ஏற்றிக்கொள்ள உழவருக்கு ஒரு வழி வேண்டும் என்று போராடியபின் 1900-ல் மானிட்டோபா தானியச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அமோக விளைச்சல். கிடங்குகளுக்கு வேகன் கிடைத்தது, உழவருக்குக் கிடைக்கவில்லை. ஏராளமான கோதுமை விற்க வழியின்றி வீணானது. 1901 டிசம்பரில் இந்தியன் ஹெட் என்ற சிற்றூரில் உழவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர் அபர்நெத்தியைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். மதர்வெல். வேகன் கேட்டவர்களின் பெயரை ஒரு பேரேட்டில் வரிசையாக எழுதி, அந்த வரிசைப்படியே தர வேண்டும் என்ற திருத்தம் 1902-ல் சட்டமானது. அதன் பிறகும் வரிசை மீறப்பட்டபோது, சிந்தலூட்டா என்ற ஊரின் ரயில் நிலைய அதிகாரியின் மீது சங்கம் வழக்குத் தொடுத்தது. ஐம்பது டாலர் அபராதம். தொகை சிறிது, ஆனால் கனேடியன் பசிபிக் ரயில்வே போன்ற பெருங்கம்பெனியின் ஆளும் அந்தப் பேரேட்டுக்குக் கட்டுப்பட்டவர்தான் என்று தீர்ப்பானது. தனி உழவர் ஒருவர் தொடுத்திருக்கக்கூடிய வழக்கா இது?

இதெல்லாம் சுயநலம்தானே, நல்ல விலைக்காகச் சேர்ந்தவர்களைச் சமூகத் தொண்டர்கள் என்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேரத் தூண்டியது விலைதான், மறுக்கவில்லை. ஆனால் சேர்ந்தபின் சிலர் தங்கள் ஆதாயத்தின் எல்லையைத் தாண்டிப் போனார்கள். எட்வர்ட் அலெக்சாண்டர் பார்ட்ரிட்ஜ் அப்படிப்பட்டவர். 1883-ல் ஒன்டாரியோவிலிருந்து வந்து சிந்தலூட்டாவில் நிலம் எடுத்த உழவர். 1905 ஜனவரியில் ஊரார் அவரை வினிபெக் தானியச் சந்தைக்கு அனுப்பினார்கள். அங்கே வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவந்து சொல்வதுதான் வேலை. மறு ஆண்டு உழவர்களே பங்கு போட்டுத் தங்கள் தானியக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சந்தையில் இடம் வாங்கப் பணம் போதாதபோது, சிந்தலூட்டா உழவர்கள் சிலர் தங்கள் சொந்தப் பொறுப்பில் வங்கிக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். லாபத்தை அவரவர் அனுப்பிய தானிய அளவுக்கேற்பப் பிரித்துத் தருவோம் என்று அறிவித்ததற்காக, சந்தை அந்தக் கம்பெனியை 1906-லேயே வெளியேற்றியது. மறு ஆண்டு மானிட்டோபா அரசின் நெருக்குதலால்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. பார்ட்ரிட்ஜோ ஓராண்டிலேயே தலைமையை இளையவர் தாமஸ் கிரெராருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அறுவடை எந்திரத்தில் சிக்கி ஒரு கால் போனது. முதல் உலகப்போரில் இரண்டு மகன்கள் போனார்கள். அதற்குப் பிறகும் அவர் கூட்டுறவைப் பற்றியே பேசினார், எழுதினார். விலைக்கணக்கு மட்டுமே போட்டவர் எப்போதோ விலகியிருப்பார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று இருக்கிறது: அந்தச் சமூகத்துக்குள் யார் இருந்தார்கள்? நிலம் 1874-ன் நான்காம் உடன்படிக்கையின் வழியே பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. சிந்தலூட்டா என்ற பெயரே ஒரு பூர்வகுடி மொழியில் சிவப்பு நரியின் வால் என்று பொருள்படுவது. ஊருக்குத் தெற்கே நக்கோடா மக்களின் ஒதுக்கிடம். அவர்களும் கோதுமை விளைவித்தார்கள். ஆனால் 1889 முதல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி நடைமுறைப்படுத்திய கொள்கை, பொதுவாகச் சேர்ந்து பயிர் செய்வதைக் கைவிடச் சொன்னது. துண்டு நிலத்தில் கைக்கருவிகளோடு பாடுபடச் சொன்னது. விளைந்ததை விற்கவும் அரசு ஏஜெண்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். பிரேரிச் சமூகத்தின் மீது தீராத பழி இது. குடியேறிய உழவர்களின் உழைப்பை மெச்சும்போது இதை மறைப்பது பாவம். அதோடு, இந்த அநீதியே என் வாதத்துக்கு மிக வலுவான சான்றாகவும் நிற்கிறது. அதே மண், அதே பனி. ஒருவருக்குச் சேர்ந்து எந்திரம் வாங்கவும் சேர்ந்து விற்கவும் உரிமை இருந்தது. மற்றவருக்கு அது தடுக்கப்பட்டது. விவசாயம் அவர்களுக்கு ஒத்துவராது என்று பிற்பாடு சொன்னவர்கள் இந்தத் தடையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சேர்ந்து விற்கும் பழக்கம் கோதுமையோடு நின்றுவிடவில்லை. இந்த ஊர்கள் அடங்கிய சஸ்காட்செவன் மாகாணத்தின் உழவர் சங்க மகளிர் பிரிவில் வயலட் மெக்நாட்டன் முதலானோர், மைல்கணக்கில் மருத்துவரே இல்லாத இடத்தில் பிள்ளை பெறும் பெண்களின் நிலையைப் பேசுபொருளாக்கினார்கள். கிராம நகராட்சிகள் வரிப்பணத்தில் மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டன. பல ஊர்கள் கூடி மருத்துவமனை கட்ட 1916-ல் சட்டம் வந்தது. 1924-ல் தொடங்கிய கோதுமைக் கூட்டுறவு, விலைச் சரிவில் நொடித்து அரசின் உதவியை நாட நேர்ந்தது உண்மைதான். ஆனால் ஊர்தோறும் அது கட்டிய கிடங்குகள் உழவர்களிடமே இருந்தன. பார்ட்ரிட்ஜ் 1931-ல், தன் நிலத்தைவிட்டு வெகுதூரத்தில், விக்டோரியாவில் இறந்தார். அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1947-ல், கனடாவிலேயே முதல் முறையாக மாகாணத்து மக்கள் அனைவருக்குமான மருத்துவமனைக் காப்பீட்டைச் சஸ்காட்செவன் கொண்டுவந்தது.