கட்டுமரம் கடல் கடந்த கதை

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிக் கடலோரத்தில் பொழியூர் இருக்கிறது. மணலோடு தெற்கே நடந்தால் நீரோடி. பொழியூர் கேரளம், நீரோடி தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உள்நாட்டில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. கடலில் யார் கோடு போடுவது? இரண்டு கரையிலும் ஒரே மீன், ஒரே காற்று, ஒரே கலம். அந்தக் கலத்துக்குத் தமிழில் கட்டுமரம் என்று பெயர்; மலையாளத்தில் கட்டமரம்.

அதைக் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முருக்கு போல எடை குறைந்த மரத்தின் தடிகளை நீளவாக்கில் செதுக்கி வரிசையாகக் கிடத்துவார்கள். நடுத்தடி தாழ்ந்தும் ஓரத்தடி சற்று ஏறியும் இருக்கும். முன்முனை மூக்குப்போல் உயர்ந்து நிற்கும். இரண்டு முனையிலும் குறுக்குக்கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிவிட்டால் கலம் தயார். தடிகளின் இடுக்கில் தண்ணீர் ஏறும், அப்படியே இறங்கியும் போகும். மூழ்கடிக்க அதில் உள்ளறை ஏது? ஆனால் நனைந்த தடி கனத்துவிடும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் உலரப் போடுவது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. அடுத்த முறை கடலுக்குப் போக மறுபடியும் கட்டு.

தமிழ் இலக்கணம் இந்தப் பெயரை வினைத்தொகை என்கிறது. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கும். ஊறுகாய், சுடுசோறு எல்லாம் இந்த வகைதான். என்னைக் கேட்டால், வினைத்தொகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. நேற்றுக் கட்டியதை இன்று அவிழ்த்து நாளை கட்டும் கலம் அல்லவா இது! ஆங்கிலத்தில் ‘காம்பவுண்ட் நவுன்’ என்று வகுப்பில் நடத்துகிறார்களே, அதுவும் இதே வேலைதான்: இரண்டு சொல் கூடி ஒரு பொருளுக்குப் பெயராவது. அங்கேயும் பின்னால் நிற்கும் சொல்தான் பெரும்பாலும் தலை, அதாவது பொருளின் வகையைச் சொல்வது. கட்டுமரம் ஒருவகை மரம். ‘டிராபிரிட்ஜ்’ ஒருவகைப் பாலம், இழுத்துத் தூக்கும் பாலம். பொழியூர்ப் பிள்ளைக்கு இந்த விதி வீட்டிலேயே தெரியும்.

சொல் ஊரை விட்டுக் கிளம்பியது சோழமண்டலக் கரையிலிருந்து. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1690இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர். 1697இல் லண்டனில் வெளியான தன் பயணநூலில் இந்தக் கலத்தைப் பெயரோடு குறித்தார். ‘மரம்’ அங்கே ‘மரன்’ ஆனது. உச்சரிப்புப் பிசகு சின்னது. பெரிய மாற்றம் வேறு. தமிழனின் காதுக்குக் கட்டு, மரம் என்று இரண்டாகக் கேட்பது ஆங்கிலக் காதுக்கு மூட்டே தெரியாத ஒரே சொல்லாகிவிட்டது. கூட்டுச்சொல் எல்லை தாண்டும்போது முதலில் இழப்பது இந்த மூட்டைத்தான்.

மூட்டுத் தெரியாத சொல்லைக் கண்ட இடத்தில் பயன்படுத்தலாம். 1804 அக்டோபரில் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகள்மீது ஆங்கிலேயர் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த அந்தப் பெட்டிகளுக்கும் ‘கேட்டமரன்’ என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டவும் இந்தச் சொல் ஓடியது. முன்னால் பூனை என்ற பொருளில் ‘கேட்’ ஒலிக்கிறதே, அந்த ஒலி இழுத்த இழுப்பாக இருக்கலாம்.

1876இல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற பாய்க்கலத்தை நியூயார்க் பந்தயத்தில் இறக்கினார். இரண்டு ஒடுங்கிய உடல்களை மேலே பாலம்போல் இணைத்த கலம். மற்ற எல்லாவற்றையும் பின்னால் விட்டுவிட்டு ஓடியது. அந்த வகைக் கலத்துக்கும் கேட்டமரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு உலகமெங்கும் நிலைத்துவிட்டது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இரட்டை உடல் கலம் பசிபிக் தீவுகளின் பாலினேசியர் மரபு. நம் கட்டுமரம் தடிகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. ‘இரட்டைப் படகைக் கண்டுபிடித்தவன் தமிழன்’ என்று மேடையில் முழங்குவது இரண்டு மரபுக்கும் செய்யும் அநியாயம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரே சொல்லாக இறுகிப்போனதை ஆங்கிலம் மறுபடியும் வெட்டத் தொடங்கியது. மூன்று உடல் கொண்ட கலத்துக்கு 1940களில் ‘டிரைமரன்’ என்று பெயர் வந்தது. முன்னால் மூன்று என்னும் ‘டிரை’, பின்னால் நம்முடைய மரம். வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் வெட்டு சரியாகப் பழைய மூட்டிலேயே விழுந்தது. இன்னொரு வெட்டு பிசகியது. 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டர் கொண்டுவந்த சிறு பாய்க்கலம் ‘ஹோபி கேட்’. கட்டு என்ற வினையில் பாதியை மட்டும் எடுத்துப் புதுக் கூட்டுச்சொல்லுக்குத் தலையாக வைத்துவிட்டார்கள்.

பெயர் அங்கே வளர, பொருள் இங்கே தேய்ந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் உருவானது. அந்தப் பத்தாண்டில் அதன் துணையோடும் பிளைவுட் வள்ளமும் எஞ்சினும் கரைக்கு வந்தன, பிறகு ஃபைபர். முருக்கந்தடி தேடி அலைய வேண்டியதில்லை, ஆழத்துக்கும் போகலாம். தொழிலாளி மாறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று வடக்கே கொச்சியில் வாட்டர் மெட்ரோ படகுச் சேவை தொடங்கியபோது சொல் கேரளத்திலும் கேட்டது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய அந்த மின்படகுகள் அலுமினிய இரட்டை உடல் கொண்டவை. பொறியாளர்கள் அவற்றை கேட்டமரன் என்கிறார்கள்.

கூட்டுப்பெயர்ச்சொல் நடத்தும் ஆசிரியர்கள் இந்த எல்லைப்புறத்தில் கொடுத்துவைத்தவர்கள் என்பேன். நெய்யாறு கடலில் சேரும் பூவாறுக்கு வந்தால் உப்பங்கழியில் படகுகள். கெட்டுவள்ளம் என்ற மலையாளச் சொல்லும் வினையும் பெயரும் கூடியதுதான்: பலகைகளைக் கயிற்றால் கெட்டிய வள்ளம். அதையே சுற்றுலாவுக்கு மாற்றியபோது ஆங்கிலத்தில் ‘ஹவுஸ்போட்’ ஆனது, தமிழில் படகுவீடு. கவனியுங்கள், ஆங்கிலத்தில் தலை படகு, தமிழில் தலை வீடு. படகுவீட்டைச் சொல்லுக்குச் சொல் மாற்றும் மாணவன் ‘போட்ஹவுஸ்’ என்று எழுதிவிடுவான். அதுவோ படகுகளை நிறுத்திவைக்கும் கொட்டகை, ஊட்டியில் நாம் படகு இல்லம் என்கிறோமே அது. தவறு அறியாமையால் வருவதல்ல. இரண்டு மொழியும் வேறு வேறு பக்கத்திலிருந்து ஒரே பொருளைப் பார்ப்பதால் வருகிறது. ‘பிக்பாக்கெட்’ இன்னும் ஒருபடி மேல். ஆங்கிலத்தில் அது பையையும் குறிக்காது, எடுப்பதையும் குறிக்காது, எடுக்கிறவனைக் குறிக்கும். சொல்லில் இல்லாத வேறொன்றைக் குறிக்கும் நம் அன்மொழித்தொகையை அறிந்த பிள்ளைக்கு அது புரிய இரண்டு நிமிடம் போதும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘கிரீன்ஹவுஸ்’ என்பதில் முதல் சொல்லை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம்; பின்சொல்லை அழுத்தினால் பச்சை வண்ணம் அடித்த வீடு. இதை வாய்விட்டுச் சொல்லித்தான் பழக வேண்டும். சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா, நடுவில் சிறுகோடு இடுவதா என்பதில் ஆங்கிலேயருக்கே நிலையான விதி இல்லை. 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து சிறுகோட்டை எடுத்துவிட்டது. ‘ஐஸ் கிரீம்’ பிரிந்தது, ‘பம்பிள்பீ’ சேர்ந்தது. பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இதற்காகப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கிறவர்கள் முதலில் அந்த அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும்.