வகையீடு

வகையீடு (பெயர்ச்சொல்): ஒரு கணியம் மாறும்போது அதைச் சார்ந்த மற்றொன்று மாறும் வீதத்தைக் காணும் நுண்கணித முறை.

பிறப்பு: ‘வகு’ என்னும் வினையடி ‘ஐ’ விகுதி பெற்று ‘வகை’ ஆயிற்று, ‘இடு’ முதல் நீண்டு ‘ஈடு’ ஆயிற்று, இடையே யகர உடம்படுமெய் தோன்றியது. இணைச்சொல்லான ‘தொகையீடு’, ‘தொகு’ என்பதிலிருந்து அவ்வாறே அமைந்தது. பகுத்துக் காண்பது வகை. சேர்த்துக் காண்பது தொகை.

வழக்கு: இலங்கையில் உயர்தர வகுப்பின் இணைந்த கணிதத்தில் ‘வகையீடு’ வழங்குகிறது. தமிழ்நாட்டில் ‘வகையிடல்’ என்பதும் உண்டு.

உட்படு சார்பின் வகையீடு: இரு மாறிகள் ஒரே சமன்பாட்டுக்குள் பிணைந்திருக்க, ஒன்றை மற்றதன் சார்பாகப் பிரித்தெழுதாமலே வீதத்தைக் காண்பது. சமன்பாட்டின் இருபுறத்தையும் உறுப்புறுப்பாக வகையிட்டு, சங்கிலி விதியைப் பயன்படுத்தி, வேண்டிய வீதத்தைத் தனிமைப்படுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டு: நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளின் வரைபடத்தில் ஒவ்வொரு சமவுயரக்கோடும் ‘உயரம் = மாறிலி’ என்னும் உட்படு சமன்பாடே. ஓரிடத்தில் கிழக்கே 10 மீற்றருக்கு 3 மீற்றரும், வடக்கே 10 மீற்றருக்கு 4 மீற்றரும் நிலம் உயர்ந்தால், அங்கே கோட்டின் சாய்வு −3/4. அதாவது, கிழக்கே 4 அடி வைத்தால் தெற்கே 3 அடி வைக்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் சமமாகி உயரம் மாறாது. மண்ணரிப்பைத் தடுக்கத் தேயிலை நிரைகளை இந்தத் திசையிலேயே அமைப்பர்.