டயர் தேஞ்சு எங்கே போகுது?

போன மாசம் வண்டிக்கு டயர் மாத்தப் போயிருந்தேன். கடைக்காரர் பழைய டயரைத் தட்டிக் காமிச்சு, "சுத்தமா மொட்டையாயிடுச்சு சார், இதை வச்சுகிட்டு மழையில ஓட்டாதீங்க"ன்னார். பட்டன் எல்லாம் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. சும்மா இருக்க முடியாம, "இவ்வளவு ரப்பரும் எங்கண்ணே போச்சு?"ன்னு கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துட்டு, "எங்க சார் போகும், ரோட்டுலதான்"ன்னு சொல்லிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போயிட்டார் :-)

சரியான பதில்தான். ஆனா பாதி பதில். ரோட்டுல இருந்து எங்கே போச்சு? மீதிப் பதில் கிடைக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துல ஏறக்குறைய இருபது வருஷம் ஆச்சு. அதைக் கண்டுபிடிச்சவங்க ரப்பரைத் தேடிப் போகலை, செத்த மீனை எண்ணப் போனவங்க. அந்தக் கதைதான் இன்னிக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

ஓடை சுத்தமாச்சு, மீன் செத்துச்சு

பசிபிக் கடல் நிலத்துக்குள்ள நீளமா புகுந்து கிடக்கிற இடம் பியூஜெட் சவுண்ட். அதோட கரையிலதான் சியாட்டில். ஊருக்குள்ளேயே பல ஓடைகள் ஓடுது. சால்மன் மீன் கதை பலருக்கும் தெரிஞ்சிருக்கும். ஓடையில பொறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, எதிர்நீச்சல் போட்டு பொறந்த இடத்துக்கே வந்து, முட்டை போட்டுட்டு செத்துப் போகும். கோஹோ என்கிற வகைக்கு இந்த மொத்தச் சுத்தும் முடிய பெரும்பாலும் மூணு வருஷம். வாழ்க்கையில ஒரே ஒரு முறைதான் முட்டை.

ஊர் பெருத்ததுல அந்த ஓடைகள் எல்லாம் பாழாகிக் கிடந்துச்சு. 1990-களில் பல ஓடைகளைச் சீரமைச்சாங்க. மேற்கு சியாட்டில்ல ஓடி டுவாமிஷ் ஆத்துல கலக்கிற லாங்ஃபெலோ ஓடை அதுல முக்கியமான ஒண்ணு. செஞ்ச வேலைக்குப் பலன் இருக்கான்னு பார்க்க ஆளுங்க போனாங்க. பலன் இருந்துச்சு, கோஹோ வந்திருந்துச்சு. ஆனா மழை பெஞ்சு தண்ணி ஏறினதும் அந்த மீன்கள் வாயைப் பொளந்துகிட்டு, துடுப்பை விரிச்சுகிட்டு, தண்ணி மேல தறிகெட்டுச் சுத்தி, நிலை தடுமாறி, சில மணி நேரத்துல செத்துச்சு. செத்த பெண் மீனை அறுத்துப் பார்த்தா பெரும்பாலானதுல முட்டை அப்படியே வயித்துக்குள்ள.

'எப்படியும் சாகத்தானே வருது'ன்னு விட்டிருக்கலாம். விடலை. 2002-ல இருந்து 2009 வரைக்கும் ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் தினமும் லாங்ஃபெலோ ஓடைக்குப் போய் எண்ணினாங்க. முட்டை போடுறதுக்கு முன்னாடியே செத்த மீன்கள், வருஷத்தைப் பொறுத்து 60-ல இருந்து 100 சதவீதம். ஊருக்கு வெளியே இருக்கிற ஓர் ஓடையில 2002-ல எண்ணினப்ப ஒரு சதவீதம் கூட இல்லை!

யார் குற்றவாளி?

துப்பறியும் கதை மாதிரி ஒவ்வொரு சந்தேகமா விசாரிச்சாங்க. தண்ணியில ஆக்சிஜன் குறைவா? இல்லை. சூடா? இல்லை. நோயா? இல்லை. பூச்சிமருந்தா? அதுவும் இல்லை. மீன் உடம்புல உலோகமும் பெட்ரோலியக் கழிவும் இருந்ததுக்குத் தடயம் கிடைச்சுது. ரெண்டும் வண்டிகள்ல இருந்து வர்றது. அதனால சந்தேகம் ரோட்டுப் பக்கம் திரும்புச்சு.

2015-ல வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியா சோதிச்சுப் பார்த்துச்சு. உலோகங்களையும் பெட்ரோலியச் சேர்மங்களையும் தண்ணியில கலந்து அதுல கோஹோவை விட்டாங்க. சாகலை. நெடுஞ்சாலையில இருந்து வழிஞ்ச நிஜ மழைத்தண்ணியில விட்டாங்க. அத்தனையும் ஒரு நாளுக்குள்ள காலி. அதே தண்ணியை மணலும் மக்கின உரமும் கலந்த மண் வழியா வடிகட்டி விட்டாங்க. அத்தனையும் பிழைச்சுது! ஆக, கொல்றது என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே அதைத் தடுக்கிற வழி தெரிஞ்சு போச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில வேணும்.

இன்னொரு விசித்திரம். அதே ரோட்டுத் தண்ணி, கோஹோவோட நெருங்கின சொந்தமான சம் சால்மனை ஒண்ணும் பண்ணலை. பங்காளி பக்கத்துல துடிச்சுச் சாகுது, இது பாட்டுக்கு நீந்திகிட்டு இருக்கு.

டக்கோமா நகரத்துல எட்வர்ட் கொலோட்ஜியேயோட ஆய்வுக்குழுவும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துல ஜெனிஃபர் மெக்கின்டயரோட குழுவும் சேர்ந்து இதைத் தொடர்ந்தாங்க. டயர் துகளை ஊற வச்ச தண்ணி மட்டுமே கோஹோவைக் கொல்றதைப் பார்த்தாங்க. சரி, டயர்தான். ஆனா டயர்ல எது? அந்தத் தண்ணியில இருந்தது 2,000-க்கும் மேல ரசாயனங்கள். அதைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, எந்தப் பகுதி கொல்லுதோ அதை மறுபடி பிரிச்சு, இப்படியே குறைச்சுகிட்டு வந்தாங்க.

கடைசியில சிக்கின பொருள்ல 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயர்ல சேர்க்கிற பொருட்கள் பட்டியல்ல அப்படி ஒண்ணு கிடையாது. ஆய்வாளர் ஷென்யூ தியானுக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. வெளியில வந்த பிறகு இது உருமாறியிருந்தா? கார்பனையும் நைட்ரஜனையும் அப்படியே வச்சுகிட்டு, மத்ததைத் தளர்த்தித் தேடினார். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோட ஓர் அறிக்கையில, பழைய டயர்த் தூள்ல இருக்கிற ரசாயனங்களுக்கு நடுவுல மாட்டிச்சு: 6பிபிடி. அதை ஓசோனோட சேர விட்டாங்க. அதே கொலைகாரன் உருவாச்சு. பேரு 6பிபிடி-குயினோன். 2020 டிசம்பர்ல சயன்ஸ் இதழ்ல கட்டுரை வந்துச்சு.

எவ்வளவு இருந்தா சாகும்? 2022-ல திருத்தி வெளியிட்ட கணக்குப்படி, ஒரு லிட்டர் தண்ணியில 95 நானோகிராம் இருந்தா பாதி கோஹோ காலி. நானோகிராம்னா ஒரு கிராமை நூறு கோடியாப் பிரிச்சதுல ஒரு பங்கு. அப்படி 95 பங்கு, அவ்வளவுதான்.

இது டயருக்குள்ள எப்படி வந்துச்சு?

எனக்கு மண்டையில நச்சுன்னு உறைச்ச இடம் இதுதான். இதுக்கு 1940-கள், 50-களோட லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகணும். ஊர் முழுக்க கண்ணை எரிக்கிற புகைமூட்டம். ரப்பர் சாமான் எல்லாம் மத்த ஊர்களை விட அங்கே சீக்கிரம் வெடிச்சுப் பாளம் பாளமாச்சு. ஆரி ஹாகன்-ஸ்மிட்டுன்னு ஒரு வேதியியலாளர். அதுக்கு முன்னாடி அன்னாசிப் பழ வாசனையை ஆராய்ஞ்சுகிட்டு இருந்தவர். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயில்ல சேர்ந்து ஓசோன் உண்டாகுதுன்னு அவர்தான் காமிச்சார். காத்துல எவ்வளவு ஓசோன் இருக்குன்னு அளக்க அவர் பயன்படுத்தின கருவி என்ன தெரியுமா? வளைச்சு வச்ச ரப்பர் துண்டு! எத்தனை நேரத்துல விரிசல் விடுதுன்னு பார்த்து அளந்தாங்க.

விரிசலுக்கு மருந்து தேடினாங்க. பிபிடி குடும்பத்து ரசாயனங்கள் கிடைச்சுது. அதுல 6பிபிடி 1960-கள்ல இருந்து டயர்கள்ல புழக்கத்துக்கு வந்துச்சு. வேலை ரொம்ப எளிமை. ரப்பருக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா மேலே கசிஞ்சு வந்து, ஓசோன் ரப்பரைத் தொடறதுக்கு முன்னாடி தான் முந்திகிட்டு அடி வாங்கும். நாய் குறுக்கே பாய்ஞ்சு எஜமானரைக் காப்பாத்துற மாதிரி. டயர் நடுரோட்டுல வெடிக்காம இருக்க இதுவும் ஒரு காரணம். எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கும், குறை சொல்லக்கூடாது.

ஆனா அடி வாங்கின பிறகு அது என்னவா மாறுது? அதைக் கேட்டு பதில் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. வண்டி புகை விடுது, புகை ஓசோனாகுது, ஓசோன் டயரை அரிக்குது, டயரைக் காப்பாத்த மருந்து, மருந்து செத்து விஷமாகுது, மழை அதை ஓடைக்குக் கொண்டு போகுது. ஒரு சுத்து முழுசா முடிஞ்சுது பாருங்க.

வழக்கமான சோதனையிலயும் இது மாட்டியிருக்காது. ஆய்வகங்கள்ல வழக்கமா வச்சுப் பார்க்கிற ஜீப்ரா மீன், டாஃப்னியா என்கிற நீர்ப்பூச்சி ரெண்டும் இதுக்குச் சாகறதில்லை. கோஹோ சாகும், ரெயின்போ டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் சாகும். எல்லா மீனும் ஒண்ணுன்னு நினைச்சா தப்பு.

மீன் யாருடையது?

1850-கள்ல வாஷிங்டன் பகுதிப் பழங்குடிகள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்தப்ப, வழக்கமான இடங்கள்ல மீன் பிடிக்கிற உரிமையை மட்டும் விட்டுக் கொடுக்கலை. அது ஏட்டோட நின்னுச்சு. மீன் பிடிச்சதுக்காக கைதாகிகிட்டே இருந்தாங்க. 1974-ல நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கக்கூடிய மீன்ல பாதி வரைக்கும் அவங்களுக்கு உரிமைன்னு தீர்ப்பு எழுதினார். பெரிய வெற்றி. ஆனா பாதின்னா எதுல பாதி? ஓடையில மீனே இல்லேன்னா பாதி என்ன, முழுசா கொடுத்தா என்ன?

2023 ஆகஸ்டுல யூரோக், போர்ட் கேம்பிள் எஸ்கிளாலம், பியூஆலப் ஆகிய மூணு பழங்குடிகள் டயர்ல 6பிபிடி-யைத் தடை செய்யச் சொல்லி சுற்றுச்சூழல் முகமைகிட்ட மனு போட்டாங்க. நவம்பர்ல முகமை மனுவை ஏத்துகிச்சு. தடை வந்துடுச்சுன்னு அர்த்தமில்லை, ஒழுங்குமுறை வேலையைத் தொடங்குறோம்னு அர்த்தம். மாற்று தேடச் சொல்லி கலிஃபோர்னியா அதே வருஷம் அக்டோபர்ல டயர் தயாரிப்பாளர்களுக்கு விதி போட்டுச்சு. மாற்று சுலபமில்லை. டயரும் வெடிக்கக்கூடாது, மீனும் சாகக்கூடாது. அதைவிட முக்கியம், புது மருந்து அடி வாங்கின பிறகு என்னவா மாறும்னு இந்தத் தடவை முன்னாடியே பார்க்கணும்.

அதுவரைக்கும்? ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, மண்ணும் மக்கின உரமும். ரோட்டுத் தண்ணி நேரா ஓடையில விழாம, ரோட்டோரம் அப்படி ஒரு பள்ளத்துல இறங்கிப் போனா போதும். ஆனா ரோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கும் பள்ளம் வேணும். காசும் மனசும் வேணும்.

மூணு வருஷம் கழிச்சு ஊரைத் தேடி வந்த மீன், வாசல்ல மழைக்குச் செத்துப் போகுது. அது ஏன்னு கேக்க, தினமும் ஓடைக்குப் போய் செத்ததை எண்ண சிலர் இருந்தாங்க. அவங்க இல்லேன்னா அந்த டயர்க் கடைக்காரர் சொன்ன பதிலே போதும்னு நாமளும் இருந்திருப்போம்.

டிஸ்கி: புது டயர் போட்டாச்சு. அதுலயும் இதேதான் இருக்கும். அடுத்த மழையில வண்டி எடுக்கும்போது ரோட்டோரம் ஓடுற கறுப்புத் தண்ணியைக் கொஞ்சம் பாருங்க. அது எங்கே போய்ச் சேருதுன்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.