கியர் பெட்டிக்குள் ஒரு திமிங்கிலம்

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர் பலர், ஆட்டோமாட்டிக் கியர் பெட்டியின் எண்ணெயைத் தம் வீட்டிலேயே மாற்றிக்கொள்கின்றனர். கடினமான வேலையன்று, பொறுமைதான் வேண்டும். வண்டியைச் சற்று ஓட்டி எண்ணெயைச் சூடேற்றி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால் எண்ணெய் வடியும். கருமையும் கருகிய நாற்றமும் உள்ளே தேய்மானம் நிகழ்வதைச் சொல்லிவிடும். வடிகட்டியையும் கேஸ்கெட்டையும் மாற்றிய பின் ஊற்றப்படும் புது எண்ணெய் சிவப்பாக இருக்கும். என்ஜின் ஆயிலோடு குழம்பிவிடாதிருக்கச் சேர்க்கப்பட்ட சாயம் அது.

இந்தச் சிவப்பு எண்ணெயின் வரலாற்றைத் தேடிச் சென்றால், நாம் சற்றும் எதிர்பாராத ஓர் உயிரினத்தின் முன் போய் நிற்போம்.

1953ஆம் ஆண்டு ஷெவர்லே நிறுவனம் தன் முதல் கார்வெட் கார்களை வெளியிட்டது. அவ்வாண்டு உருவானவை 300 மட்டுமே. அவை அனைத்திலும் இருந்தது 'பவர்கிளைடு' எனும் இரண்டு கியர் ஆட்டோமாட்டிக் பெட்டி. இத்தகைய பெட்டிகளுக்கென ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் 'டைப் ஏ' எனும் எண்ணெய்த் தரத்தை வகுத்திருந்தது.

அந்த எண்ணெயின் பணி விசித்திரமானது. பற்சக்கரங்கள் தேயாமல் வழுக்க வேண்டும். அதே வேளையில் கிளட்ச் தட்டுகள் அதிராமல் பற்றவும் வேண்டும். வழுக்கலையும் பற்றலையும் ஒருசேர ஆளும் பொருளாக அன்று கலக்கப்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். வேதியியல் நோக்கில் அது ஒரு திரவ மெழுகு. வெப்பத்தையும் அழுத்தத்தையும் நன்கு தாங்கக்கூடியது.

மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்' நாவலில் வேட்டையாடப்படுவதும் இதே இனம்தான். 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் கிணற்றில் பெட்ரோலியம் கிடைத்தது. மண்ணெண்ணெய் விளக்குகள் பரவின. திமிங்கிலங்கள் பிழைத்தன என்றே நாம் படித்திருக்கிறோம். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. விளக்கை விட்டு நீங்கிய திமிங்கில எண்ணெய் இயந்திரங்களுக்குள் புகுந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட எண்ணெய்த் திமிங்கிலங்களைவிட 20ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டவையே அதிகம். நாவலின் வேட்டையர்கள் உயிரைப் பணயம் வைத்துப் படகில் போனார்கள். பிற்காலத்துக் கார் உரிமையாளருக்கோ, தாம் ஒரு திமிங்கிலத்தோடு பயணம் செய்வதே தெரியாது.

1970இல் அமெரிக்க அரசு இந்த இனத்தை அழிவுறும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்றது. 1973ஆம் ஆண்டின் சட்டம் இப்பாதுகாப்பை மேலும் இறுக்கியது. அதன் பிறகே மாற்றைத் தேடும் வேலை மும்முரமானது. 1970களில் வந்த 'டெக்ஸ்ரான் 2' எண்ணெயில் திமிங்கிலம் இல்லை. அதன் முதல் வடிவம் எண்ணெய்க் குளிர்விப்பானின் பற்றவைப்புகளை அரித்ததால் கலவையைத் திருத்த வேண்டியிருந்தது. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதையிலும் இதையொத்த திரவ மெழுகு இருப்பது அக்காலத்தில் பெரும் ஆர்வத்தைத் தூண்டியது. செயற்கை வேதிப்பொருள்களும் மெல்ல மெல்ல முன்னேறின.

இன்று அந்தப் பழைய கார்கள் பலவற்றில் 2005இல் அறிமுகமான 'டெக்ஸ்ரான் 6' ஊற்றப்படுகிறது. அது திமிங்கில எண்ணெய் கலந்த அன்றைய எண்ணெயைவிட நீண்ட நாள் உழைக்கிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மாற்று கிடைத்ததால் கொலை நிற்கவில்லை. கொலை தடுக்கப்பட்டதால்தான் மாற்று கிடைத்தது. 'இது இன்றி இயலாது' என்று தொழில்துறை சொல்லும் பொருள்களில் எத்தனை உண்மையிலேயே இன்றியமையாதவை, எத்தனை வெறும் பழக்கம் என்பதைத் தடை வரும்வரை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. எண்ணெய்த் திமிங்கிலம் இன்னும் ஆபத்து நீங்கிய இனமாகிவிடவில்லை. ஆயினும் கியர் பெட்டியிலிருந்து அது விடுதலை பெற்று அரை நூற்றாண்டு ஆகிறது. கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.